சிரிச்சு விளையாட ஒரு ஃபேன்டசி கேம்பெய்ன்: ஜோக் எழுதாதீங்க, தோல்விய எழுதுங்க

தம்பி கேட்டது சுருக்கமா இதுதான். அக்கா, அக்காவோட 13 வயசுப் பையன், ஆபீஸ் நண்பர்கள் ரெண்டு பேர், என்எஸ்ல, அதாவது தேசிய சேவையில, கூட இருந்த நண்பர் ஒருத்தர், ஆக அஞ்சு பேர் சனிக்கிழமை சாயந்திரம் சிங்கப்பூர் ஈசூன் வீட்டுல டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) விளையாடப் போறாங்க. ஆளுக்கு ஒரு கேரக்டரா நடிச்சு, டைஸ் உருட்டி விளையாடற கதை ஆட்டம் அது, கதையை நடத்தற டிஎம் தம்பிதான். ஆபீஸ் ஆளுங்க மட்டும் முன்னாடி விளையாண்டவங்க, மத்தவங்க புதுசு. லைட்டா, சிரிச்சு விளையாடற மாதிரி ஒரு ஃபேன்டசி கேம்பெய்ன், அதாவது பல நாள் ஓடற தொடர்கதை, வேணும், எங்கேர்ந்து ஆரம்பிக்கறதுன்னு கேட்டிருந்தீங்க. கொஞ்சம் நீளமாவே சொல்றேன், இது எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம்.

முதல்ல ஒண்ணு, ஜோக் எழுதாதீங்க. லைட்டான கேம்பெய்ன்னு சொன்னதும் நிறைய பேரு காமெடி என்பிசி (டிஎம் நடிக்கற ஆளுங்க), காமெடி பேரு, காமெடி வசனம்னு நோட்டு முழுக்க எழுதி வைப்பாங்க, டேபிள்ல அதைச் சொல்லும்போது எல்லாரும் மரியாதைக்கு சிரிப்பாங்க, அவ்ளோதான். டேபிள்ல வயிறு வலிக்க சிரிக்கிறது எப்போன்னு கவனிச்சுப் பாருங்க. யாரோ ஒருத்தர் பெருசா பிளான் போட்டு, டைஸை உருட்டி, அது கவுந்து, அதுக்கப்புறம் அந்த ஆளு சமாளிக்கிறாரு பாருங்க, அந்த நேரத்துலதான். அதனால நீங்க தயார் பண்ண வேண்டியது தோல்விய. தோத்தா என்ன ஆகும், எது கையை விட்டுப் போகும், எது என்ன ஆனாலும் போகாது. அது லேசா இருந்தா கேம்பெய்ன் லேசா இருக்கும். அது கனமா இருந்தா டிராகனுக்கு கோமாளித் தொப்பி மாட்டி விட்டாலும் கேம்பெய்ன் கனமாத்தான் இருக்கும்.

கணக்கும் இதையேதான் சொல்லுது. 5ஆம் பதிப்பு விதியில லெவல் 1 கேரக்டர் ஒருத்தர் தனக்கு நல்லா வர்ற வேலைக்கு +5 வெச்சிருப்பாரு, உருட்டற நம்பரோட அதைக் கூட்டிக்கணும். நடுத்தரக் கஷ்டம்னா டிசி, அதாவது எட்ட வேண்டிய எண், 15. அப்போ டி20ல, அதாவது 20 முக டைஸ்ல, 10 இல்ல அதுக்கு மேல விழணும், 20 முகத்துல 11 முகம், 55 சதவீதம். அதாவது கை வந்த வேலையிலயே நூத்துக்கு 45 தடவை தோப்பாங்க! பழக்கமே இல்லாத வேலை, +0ன்னா, ஜெயிக்கிறது 30 சதவீதம்தான். ஆக உங்க சாயந்திரத்துல பாதி நேரம் யாராவது தோத்துக்கிட்டுதான் இருப்பாங்க. அந்தப் பாதிய "பூட்டு திறக்கல", "ஒண்ணும் தெரியல", "மிஸ் ஆயிடுச்சு, அடுத்தவங்க"ன்னு ஓட்டுனீங்கன்னா புதுசா வந்த மூணு பேரும் ரெண்டாவது மணி நேரத்துல ஃபோனைப் பார்க்க ஆரம்பிச்சிடுவாங்க.

2014ல வந்த டிஎம் கைட்லயே ஒரு ஆப்ஷன் இருக்கு, 1 இல்ல 2 நம்பர்ல தவறினா காரியம் நடக்கும் ஆனா கூடவே ஒரு சிக்கல் வரும்னு. நான் அதை 4 வரைக்கும் நீட்டிடுவேன். அதே +5, அதே டிசி 15ஐ வெச்சுப் பாருங்க. 10லேர்ந்து 20 வரைக்கும் முழு வெற்றி 55 சதவீதம், 6லேர்ந்து 9 வரைக்கும் சிக்கலோட வெற்றி 20 சதவீதம், 1லேர்ந்து 5 வரைக்கும் முழுத் தோல்வி 25 சதவீதம். தோல்வி கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சிடுச்சு, நடுவுல வர்ற அந்த 20 சதவீதம்தான் உங்களோட தங்கச் சுரங்கம். ரெண்டு ஆறு முக டைஸை (டி6) உருட்டி 7லேர்ந்து 9 வந்தா பாதி வெற்றின்னு வெச்சிருக்கற சிஸ்டமும் சிலது இருக்கு, அதுல கூட்டல் எதுவும் இல்லாம உருட்டினா அந்தப் பாதி வெற்றி 42 சதவீதம் வரும், அந்த மாதிரி ஆட்டங்கள் தானா கலகலன்னு ஓடறதுக்கு அதுவும் ஒரு காரணம். ஆனா உங்க ஆபீஸ் ஆளுங்களுக்கு டி அண்ட் டி பழக்கம், அதனால சிஸ்டத்தை மாத்தாதீங்க, இந்த ஒரு விதியை மட்டும் சேர்த்துக்கோங்க.

சிக்கல்னா எப்படின்னு ஒண்ணு காட்டறேன். திருடன் கேரக்டர் ராத்திரி அரண்மனை அடுக்களை ஜன்னல் வழியா உள்ள எறங்கறான், விழுந்தது 8, +5 சேர்த்து 13, ரெண்டு குறைச்சல். கீழ விழுந்து அடிபட்டுச்சுன்னு சொன்னா அது வெறும் கழித்தல் கணக்கு. அதுக்குப் பதிலா, எறங்கிட்டான், சத்தமே இல்ல, ஆனா எறங்கின இடம் சமையல்காரம்மாவுக்கு நேர் பின்னாடி, அந்தம்மா திரும்பிக்கூடப் பார்க்காம "இவ்ளோ நேரமாடா வர்றதுக்கு, அந்த வெங்காயத்தை எடுத்து உரி, விடிஞ்சா நானூறு பேருக்கு விருந்து"ன்னு கத்தியை நீட்டறாங்க. அவன் நினைச்ச இடத்துக்கு வந்துட்டான், வெற்றிதான். ஆனா வெளிய மதில் ஓரத்துல நாலு பேரு சிக்னலுக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க, இவன் கண்ணுல தண்ணி வழிய உரிச்சுக்கிட்டு இருக்கான். இதுல நீங்க ஒரு ஜோக் கூட சொல்லல, சமையல்காரம்மாவுக்கு அது வேலை நேரம், அவங்க சீரியஸா இருக்காங்க. அடுத்த இருபது நிமிஷம் டேபிள் தானா ஓடும், அவன் அந்தம்மாகிட்டயே அரண்மனை ரகசியம் கேட்டு வாங்கிட்டும் வரலாம்.

உங்க உலகத்துல யாருக்கும் இது காமெடின்னு தெரியக்கூடாது. காவக்காரன் தன் வேலையை ஒழுங்கா பார்க்கறான், பூதத்துக்குத் தன் கஷ்டம் பெருசு, மந்திரிக்கு அந்தக் கணக்குப் புத்தகம்தான் உசுரு. அவங்க கண்ணடிச்சாங்கன்னா எல்லாம் கரைஞ்சிடும். பேரு வைக்கிறதுலயும் இதேதான், சிரிப்புப் பேரு முதல் செஷன்ல சிரிப்பு, அப்புறம் அந்தப் பேரை வெச்சுக்கிட்டு யாரும் ஒரு நல்ல சீன் பண்ண முடியாது, நடுவுல ஒரு இடத்துல மனசைத் தொடற மாதிரி ஏதாவது வந்தா அதுக்கும் இடம் வேணும் இல்லையா.

சாவு விஷயம். லெவல் 1 தான் இந்த ஆட்டத்துலயே ரொம்ப ஆபத்தான லெவல், பல பேரு இதைக் கவனிக்கறதில்ல. 2014 விதிப்படி ஒரு விஸார்டுக்கு, அதாவது மந்திரவாதிக்கு, 6 ஹெச்பி (உயிர்ப் புள்ளி), கூட கான்ஸ்டிடியூஷன் (உடல் வலு) கொஞ்சம் சேர்த்தா 7, 8. ஒரு சாதா காப்ளின் (குட்டிப் பூதம்) அடிச்சா டி6 கூட்டல் 2, சாதாரண அடியிலயே 8 வரைக்கும் போகும். உங்க அக்கா ஆசையா செஞ்ச கேரக்டர் முதல் சண்டையில முதல் அடியிலயே சுருண்டு விழ வாய்ப்பு இருக்கு. அதனால லெவல் 3ல ஆரம்பிங்க, புதுசா வந்தவங்களுக்கு கேரக்டர் ஷீட்டை நீங்களே நிரப்பிக் குடுங்க. இன்னொண்ணு, 0 ஹெச்பி ஆனா சாவு கிடையாது, அந்த பிளேயர் எதை இழக்கறதுன்னு அவரே சொல்லணும்னு வெச்சுக்கோங்க: ஒரு பொருள், ஒரு மானம், ஒரு வாக்குறுதி, ஏதாவது ஒண்ணு. உதாரணத்துக்கு, விழுந்த ஃபைட்டர் (சண்டை வீரன்) கண் முழிச்சா எதிரியோட பாட்டி வீட்டுல இருக்கான், பாட்டி கஞ்சி குடுத்துக் காப்பாத்தியிருக்காங்க, பதிலுக்குப் பேத்தி கல்யாணத்துக்கு வந்து நிக்கறேன்னு வாக்கு வாங்கிட்டாங்க. கல்யாணம் எதிரியோடதுதான். அந்த வாக்கு மூணு செஷன் கழிச்சு வந்து கதவைத் தட்டும், அது எந்த ஹெச்பி கணக்கை விடவும் நல்லா ஞாபகம் இருக்கும்.

இப்போ உங்க ஆளுங்க. செஷன் ஜீரோ கண்டிப்பா வைங்க, டைஸே எடுக்காம ஒரு மணி நேரம் பேசறது. அதுல "எல்லாருக்கும் காமெடி ஓகேவா"ன்னு கேட்டா எல்லாரும் ஓகேன்னுதான் சொல்வாங்க, ஒரு விவரமும் கிடைக்காது. நான் கேக்கச் சொல்றது வேற கேள்வி: உங்க கேரக்டர் எதுல தோத்தா உங்களுக்கே சிரிப்பு வரும், எதுல தோத்தா கடுப்பாகும்? இந்த ஒரு கேள்வியில ஆளு ஆளுக்கு எவ்ளோ வித்தியாசம்னு தெரிஞ்சிடும். ஒருத்தர் எத்தனை தடவை வேணாலும் சேத்துல விழுவேன் ஆனா என் கத்தியை மட்டும் யாரும் பறிக்கக்கூடாதுன்னு சொல்வாரு, இன்னொருத்தருக்கு தன்னோட நாய்க்கு எதுவும் ஆகக்கூடாது, இன்னொருத்தருக்கு என்பிசி தன்னை முட்டாள்னு நடத்தினா அன்னிக்கு மூட் அவுட். அதை அப்படியே பேரு போட்டு எழுதி வெச்சுக்கோங்க. சிரிப்பு வர்ற தோல்வி எல்லாம் உங்க கச்சாப் பொருள், கடுப்பாகற தோல்வி எல்லாம் தொடக்கூடாத லிஸ்ட். ஆட்ட விதியிலயும் அப்படியே, கத்தி ஆளோட கத்தி உடையாது, அந்த நாய் எந்த சண்டையிலயும் சாகாது, இதை முதல் நாளே வாய் விட்டுச் சொல்லிடுங்க.

அதே நேரத்துல எது டேபிளுக்கே வரக்கூடாதுன்னும் கேளுங்க. நம்ம ஊர்ல எனக்கு இதுல ரொம்பக் கறாரான கருத்து உண்டு. டேபிள்ல உக்காந்திருக்கறது எல்லாரும் தமிழாவே இருந்தாலும் வேற இனத்துக்காரங்க பேசற மாதிரி பேசிக் காட்டி சிரிக்க வைக்கிற என்பிசி வேணாம், நிறத்தை வெச்சு, சாதியை வெச்சு, உடம்பை வெச்சு கிண்டலும் வேணாம், 13 வயசுப் பையன் ஒருத்தன் எதைப் பார்த்து நாமெல்லாம் சிரிக்கிறோம்னு கத்துக்கிட்டே இருப்பான். சாமிங்க விஷயமும் முதல்லயே பேசிடுங்க, கதையில கற்பனை தெய்வம் இருக்கலாமா, நம்ம கும்பிடற சாமி பேரு வரலாமா, அக்கா என்ன சொல்றாங்களோ அதுதான் விதி. இடையில யாருக்காவது சங்கடமா இருந்தா காரணம் சொல்லாம ஒரு கார்டைத் தொட்டா அந்த சீன் அப்படியே வெட்டு, எக்ஸ்-கார்டுன்னு இதுக்குப் பேரு, லைட்டான கேம்பெய்னுக்கு எதுக்குன்னு நினைக்காதீங்க, கிண்டல் ஓடற டேபிள்லதான் அது அதிகமா தேவைப்படும்.

பையனைப் பத்தி தனியா. தமிழ்ல பேச அவனுக்குத் தயக்கமா இருந்தா இங்கிலீஷ்லயே பேசட்டும், யாரும் திருத்த வேணாம். ஆனா நீங்க என்பிசிய தமிழ்லயே பேச வைங்க, மந்திரி செந்தமிழ்ல நீட்டி முழக்கட்டும், மீன் விக்கிற அம்மா தேக்கா சந்தையில கேக்கற மாதிரி பேசட்டும், மொழி மாறினாலே ஆளு மாறிடுவாங்க, குரல் மாத்தி நடிக்க வராதவங்களுக்கும் இது கை கொடுக்கும். அவனுக்கு ஒரு மிருகம் கிடைக்கிற மாதிரி கேரக்டர் குடுங்க, இல்ல மிருகங்களோட பேசற ஸ்பெல்லாவது (மந்திரமாவது) குடுங்க. ஸ்பீக் வித் அனிமல்ஸ் 10 நிமிஷம் ஓடும், பேசத்தான் முடியும், அது உதவி பண்ணியே ஆகணும்னு விதி கிடையாது, ஒரு கோவக்கார ஆட்டுக்கிட்ட கெஞ்சிக் கூத்தாடி வழி கேக்கற சீன் அவனுக்கு அவ்ளோ புடிக்கும். பொதுவா புதுசா வர்றவங்களுக்கு அடிக்கிற ஸ்பெல்லை விட இந்த மாதிரி சேட்டை ஸ்பெல்தான் நல்லது: தரையை வழுக்க வைக்கிற கிரீஸ், ஒரு மணி நேரம் வேற ஆளா தெரியற டிஸ்கைஸ் செல்ஃப், தூரத்துலேர்ந்து பொருளை எடுக்கற மேஜ் ஹேண்ட்.

கதைக்கு வெளிநாட்டுக் கோட்டை கொத்தளம் எதுக்கு, இந்தத் தீவோட பழைய கதைங்களே போதும். சங் நீல உத்தமன் கப்பல்ல வரும்போது புயல் அடிச்சது, கப்பல்ல இருந்த எல்லாத்தையும் தூக்கிப் போட்டும் அடங்கல, கடைசியில தலையில இருந்த கிரீடத்தைக் கழட்டிக் கடல்ல போட்டாரு, புயல் நின்னுச்சு, துமாசிக்ல (சிங்கப்பூரோட பழைய பேரு) கரை ஏறினாருன்னு மலாய்க் கதை. அதுக்கப்புறம் வந்த ஒரு ராஜா காலத்துல வாள்மீன் கூட்டம் கரைக்குத் துள்ளித் துள்ளி வந்து ஆளுங்களைக் குத்தினதா இன்னொரு கதை, ஒரு சின்னப் பையன் வாழைத் தண்டை வரிசையா நட்டு வைங்க, மீனோட மூக்கு அதுல மாட்டிக்கும்னு வழி சொன்னான். ரெண்டையும் ஒட்டிப் பாருங்க! கடலுக்கு அடியில அந்தக் கிரீடம் ஒரு வாள்மீன் தலையில போய் உக்காந்துடுச்சு, அது தன்னை துமாசிக் ராஜான்னே நம்புது, கரையில இருக்கறவங்க தனக்கு வரி கட்டலைன்னு படை எடுத்து வருது. வில்லன் ரெடி. அதுக்கு உலகத்தை அழிக்கற எண்ணமெல்லாம் இல்ல, மரியாதை வேணும், அவ்ளோதான், அதுல ஒரு நியாயமும் இருக்கு, கிரீடம் அதுகிட்டதானே இருக்கு.

வாள்மீன் கதையோட முடிவு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், அந்தப் பையன் இவ்ளோ புத்திசாலியா இருந்தா நாளைக்கு ஆபத்துன்னு ராஜா அவனைக் கொல்ல ஆள் அனுப்பறாரு, ரத்தம் ஓடி மலை சிவந்துச்சு, அதுதான் புக்கிட் மேரா. அந்த முடிவை இந்த டேபிளுக்குக் கொண்டு வராதீங்க. ஆனா அந்த ஆபத்தை விட்டுடவும் வேணாம், ராஜாவோட ஆளுங்க பையனைத் தேடறாங்க, பார்ட்டி, அதாவது உங்க பிளேயர் கூட்டம், அவனை ஒளிச்சு வைக்கணும், அவனோ புத்திசாலிங்கறதால ஒளிஞ்ச இடத்துலேர்ந்தே எல்லாருக்கும் யோசனை சொல்லிக்கிட்டே இருக்கான். ஒளிச்சது வெளிப்பட்டா அவன் சாக மாட்டான், அரண்மனைக்குக் கூட்டிட்டுப் போய் மந்திரி ஆக்கிடுவாங்க, அவனுக்கு அது சுத்தமா புடிக்கல. தோல்விய லேசாக்கறதுன்னு நான் சொல்றது இதைத்தான்.

பலசாலி படாங் கதையும் இருக்கு. காட்டுல வேலை பார்த்த ஆளு, ஆத்துல போட்ட பொறியில மீனை யாரோ தின்னுட்டுப் போறாங்கன்னு ஒளிஞ்சிருந்து ஒரு ஆவியைப் புடிச்சான், விட்டுடு பலம் தர்றேன்னு அது சொல்ல, பலம் வேணும்னா அது எடுத்த வாந்தியைத் திங்கணும், தின்னான். அப்புறம் கலிங்க ராஜா அனுப்பின பலசாலி ஏழு கப்பல் பந்தயத்தோட வந்து, பெரிய பாறையை முட்டி வரைக்கும் தூக்கினான், படாங் அதைத் தூக்கி ஆத்து முகத்துவாரத்துல வீசிட்டான். 1843ல வெடி வெச்சு உடைச்ச சிங்கப்பூர்க் கல்லை அந்தப் பாறைதான்னு சொல்றவங்க உண்டு, அதோட ஒரு துண்டு தேசிய அரும்பொருளகத்துல இருக்கு, பையனைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. உங்க கேம்பெய்னுக்கு இதுலேர்ந்து எடுக்க வேண்டியது ஒரு விதி: இந்த உலகத்துல எந்த சக்திக்கும் ஒரு அருவருப்பான, இல்ல தர்மசங்கடமான விலை உண்டு. மேஜிக் வாள் வேணுமா, அது தினமும் ஒரு பாராட்டு கேக்கும். பறக்கணுமா, பறக்கற வரைக்கும் பொய் பேச முடியாது. தோத்தா மட்டும் இல்ல, ஜெயிச்சாலும் சிக்கல் வரும்.

சண்டை கொஞ்சமா போதும். அஞ்சு பேரு, ஆளுக்கு ரெண்டு நிமிஷம்னாலே பத்து நிமிஷம், உங்க பக்கம் ஆறு வாள்மீனைத் தனித்தனியா ஓட்டினா ஒருத்தர் டர்ன் திரும்பி வர கால் மணி நேரம் ஆயிடும். எதிரிங்க எல்லாருக்கும் ஒரே இனிஷியேட்டிவ் (டர்ன் வர்ற வரிசை) வைங்க, மூணாவது ரவுண்டுல ஏதாவது மாறணும்: அலை வருது, கூரை விழுது, மீன் வாங்க வந்த பாட்டி நடுவுல புகுந்துடறாங்க. வாள்மீனுக்குத் தனி ஸ்டாட் (ஹெச்பி மாதிரி விதி நம்பர்) எதுவும் தேடாதீங்க, விதியில இருக்கற ரீஃப் ஷார்க், அதாவது ஒரு சுறாவோட நம்பரையே எடுத்துக்கோங்க, 22 ஹெச்பி, தண்ணிக்கு வெளிய மூச்சு விட முடியாது, அதனால கரையில துள்ளி விழுந்ததும் அதுவும் தவிக்கும், பையன் அதைக் காப்பாத்தணும்னு சொல்லுவான் பாருங்க. விதிக்குக் காசு செலவு பண்ண வேணாம், 5.1 எஸ்ஆர்டி (ஆட்டத்தோட அடிப்படை விதித் தொகுப்பு) 2023 ஜனவரிலேர்ந்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துல இலவசமா இருக்கு, நான் சொன்ன ஸ்பெல், காப்ளின், ஷார்க் எல்லாம் அதுல வந்துடும்.

நேரம். ஒருத்தருக்கு ரிசர்விஸ்ட் (ராணுவ மறுபயிற்சி) வரும், பையனுக்குப் பரீட்சை வரும், ஆபீஸ்ல ஓடி வரச் சொல்வாங்க. அதனால ஒவ்வொரு செஷனும் தன்னளவுல முடியற ஒரு எபிசோடா இருக்கட்டும், மூணு மணி நேரம், ஆறு மணிக்கு ஆரம்பிச்சா சாப்பாடு சேர்த்துப் பத்து மணிக்குள்ள எல்லாரும் எம்ஆர்டி ரயிலுக்குக் கிளம்பலாம், பக்கத்து வீட்டுக்கும் தொந்தரவு இல்ல. மூணு பேரு வந்தா ஆட்டம் உண்டு. வராதவங்க கேரக்டர் படகைப் பார்த்துக்கிட்டு இருக்காரு, அவருக்கு எந்தத் தோல்வியும் கிடையாது, திரும்பி வரும்போது படகுல என்ன நடந்துச்சுன்னு அவரே ஒரு கதை சொல்லட்டும்.

செஷனுக்குத் தயார் பண்றது ஒரு பக்கத்துக்கு மேல போகக்கூடாது. மூணு என்பிசி, ஒவ்வொருத்தருக்கும் இன்னிக்கு என்ன வேணும்னு ஒரு வரி. ரெண்டு இடம். நடக்கப்போற பிரச்சனை நாலு, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு விதமா தோக்கற வழி, யாரு தோத்தா எதுன்னு உங்க லிஸ்டைப் பார்த்து. முடிவை எழுதாதீங்க, அவங்க கிரீடத்தைத் திருடலாம், மீனுக்கு வரியே கட்டிடலாம், மீனைக் கரை ராஜாவோட உக்கார வெச்சுப் பேச்சுவார்த்தையும் நடத்தலாம், எது நடந்தாலும் உங்ககிட்ட தோல்வி கைவசம் இருந்தா அடுத்த சீன் தானா வரும். இந்த சனிக்கிழமை செஷன் ஜீரோவை மட்டும் வைங்க, வாள்மீன் ராஜாவுக்குப் பேரு என்னன்னு மட்டும் அக்கா பையன்கிட்ட விட்டுடுங்க, மத்ததெல்லாம் அவங்க அஞ்சு பேரும் அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்றாங்கன்னு கேட்ட பிறகு எழுத உக்காருங்க.